கேமரா காட்டிய கரை

மார்ச் 11, போர்ட் பிளேர்

படகைப் பார்த்தேன். முப்பத்திரண்டு அடி நீளம். பாய்மரம் ஒன்று, பழைய எஞ்சின் ஒன்று, டீசல் வாடை போகாத அறை ஒன்று. சகலை லிங்கத்துரை அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் தன் மனைவியின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்: பொற்கொடி. என் மனைவி ஜெயக்கனிக்கு மூத்தவள் அவள். என் பெயரையோ ஜெயக்கனியின் பெயரையோ தாங்கிய பொருள் என்று வீட்டில் இருப்பது ரேஷன் கார்டு மட்டும்தான்.

படகைச் சென்னைக்கு ஓட்டிப் போய், அங்கிருந்து கரையோரமாகவே தூத்துக்குடி கொண்டுபோய், சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டப் போகிறாராம். துணைக்கு வரவேண்டிய ஆள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டான். நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த பாலிடெக்னிக்கை மூடிவிட்டார்கள். மாமனார் வீட்டில் கூடிப் பேசி, "வாத்தியாரு சும்மாதான இருக்காரு" என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் நான் எப்போதும் இளைய மாப்பிள்ளைதான். அவர் கப்பலிலிருந்து சென்ட் பாட்டிலோடு வந்து இறங்கினால் ஆடு அறுப்பார்கள். நான் விடைத்தாள் திருத்திவிட்டுப் போனால் ரசத்தைச் சூடுபண்ணுவார்கள். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

கேமராவை எடுத்து வைத்தேன். தள்ளுபடியில் வாங்கியது, பென்சில் பேட்டரி போடுகிற வகை. கிளம்பும் அன்று ஜெயக்கனி புது பேட்டரி மாற்றி, மாற்றும்போது அழிந்துபோன தேதியையும் நேரத்தையும் திரும்ப வைத்துக் கொடுத்தாள். கேட்காமல் அவள் எனக்குச் செய்த உதவி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 12

காலையில் கிளம்பினோம். மூன்று தரம் வாந்தி எடுத்தேன். சகலை என் முதுகைத் தடவிவிட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று தோன்றியது.

மார்ச் 14

இன்று உடம்பு தேவலை. காலையில் கோதுமை ரவை கிண்டினேன். சகலைக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு வேளையும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறார். இன்சுலின் குப்பிகளைத் துணி சுற்றி, ஒரு தெர்மாக்கோல் பெட்டியில் வைத்திருக்கிறார். ஊசி போடும்போதும் பாட்டுப் பாடுகிறார்.

அவருக்கு என் முறையை விளக்கினேன். ஒரே படத்துக்குள் ஒரு நட்சத்திரத்தையும் அதற்குக் கீழே தொடுவானத்தையும் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே படத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணினால் நட்சத்திரத்தின் உயரம் கோணக் கணக்கில் கிடைத்துவிடும். அதை வைத்து நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லலாம். தூத்துக்குடி கடற்கரையில் ஒரு வருடம் நான் பழகியது. அங்கே நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

"ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதுக்கு வாத்தியாரே? ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஆவுமா?" என்று சிரித்தார்.

பொழுது சாய்ந்ததும் தெற்கே அகத்திய நட்சத்திரம் ஏறியது. அது உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும்வரை படம் எடுத்துக்கொண்டே இருந்து, ஆக உயரமாக இருந்த படத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்று அறிய அது போதும், கடிகாரம்கூட வேண்டாம். ஜிபிஎஸ் காட்டியதற்கும் என் விடைக்கும் வித்தியாசம் ஐந்து மைல்.

சகலை கருவியைப் பார்த்தார், என் காகிதத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "பெரிய ஆளுதான் சகலை நீங்க" என்றார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இரவு நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 15

பெரிய அலை ஒன்று பின்பக்கமாக ஏறி அறைக்குள் இறங்கியது. பேட்டரிப் பெட்டி முழுகிவிட்டது. ஜிபிஎஸ், ரேடியோ போன், விளக்கு, எஞ்சினைக் கிளப்பும் மோட்டார் எல்லாம் போயிற்று. எங்கள் இரண்டு கைப்பேசிகளும் அந்தப் பெட்டியின் மேல்தான் சார்ஜில் கிடந்தன. மிஞ்சியவை பென்சில் பேட்டரியில் ஓடும் என் கேமராவும் சகலையின் டிரான்சிஸ்டரும். அவர் கைக்கடிகாரம் கட்டுவதில்லை, எனக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போய் வெகு நாளாயிற்று.

இன்சுலின் பெட்டியும் நொறுங்கிவிட்டது. ஒரே ஒரு குப்பி உடையாமல் இருந்தது. சகலை அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாதிப் பாதியா போட்டா சமாளிச்சிரலாம். மேக்கால போனா இந்தியா வராம எங்க போவும்?" என்றார்.

நாள் முழுக்க வாளியால் தண்ணீர் இறைத்தோம்.

மார்ச் 17

மேகம். சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சகலை கட்டையில் கயிறு கட்டிப் பின்னால் போட்டு, வேகத்தைப் பார்த்துத் தூரத்தை உத்தேசமாகக் குறிக்கிறார். உத்தேசத்தை நம்பி நான் பாடம் நடத்தியதில்லை.

மாலையில் டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டோம். கேமராவில் மணி பார்த்தேன். ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்குகிறார்கள். ரேடியோக்காரர்களும் கெட்டுப்போய்விட்டார்கள். இந்த நாட்டில் நேரத்துக்கு வேலை செய்தவன் நான் ஒருவன்தான், என் கல்லூரியைத்தான் மூடினார்கள்.

மார்ச் 18

மேகம். அரிசி ஈரமாகி நாற்றம் எடுக்கிறது. கழுவிக் கஞ்சி வைத்தேன்.

மார்ச் 19

காலையில் வெயில் வந்தது! லென்சின் மேல்பாதியில் எக்ஸ்ரே படத்துண்டை ஒட்டி, எழும்பி வரும் சூரியனையும் தொடுவானத்தையும் சேர்த்துப் பிடித்தேன். திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணினேன். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று அறிய, படம் எடுத்த நேரமும் வேண்டும். அது படத்தோடேயே பதிவாகிவிடுகிறது. இந்த முறையின் அழகே அதுதான்.

விடை: சென்னைக் கரை இன்னும் தொண்ணூறு மைல். சகலையின் உத்தேசப்படி நூற்று அறுபதுக்கு மேல்.

"எழுவது மைலா வித்தியாசம்?" என்று கேட்டார். "அவ்வளவு தூரம் எப்பிடி ஓடியிருப்போம்?"

"நீரோட்டம் அண்ணாச்சி. நம்மள முன்னால தள்ளியிருக்கு. உங்க கட்டைக்கு அது தெரியாது."

அகத்திய நட்சத்திரம் அன்று ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போனதை நினைவூட்டினேன். "சரி வாத்தியாரே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தன் பென்சில் கோட்டை அழித்துவிட்டு என் புள்ளியிலிருந்து புதுக் கோடு போட்டார். இத்தனை வருடத்தில் அவர் என் பேச்சுக்குத் தன் பேச்சை விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. இதை எழுதும்போதுகூட எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 20

காலைச் சூரியன் படி கரைக்கு நாற்பது மைல். மாலைச் சூரியன் படி இருபத்தைந்து.

பொழுது சாயும் நேரம் வடக்கேயிருந்து ஒரு சரக்குக் கப்பல் வந்தது. இரண்டு மைல் இருக்கும். மேல்தட்டு விளக்குகள் தெரிந்தன. சகலை சிக்னல் வாணத்தைக் கையில் எடுத்துவிட்டார். மொத்தம் மூன்று இருந்தன.

"கூப்பிட்டுருவோம் சகலை. மருந்து நாளைக் காலைக்குத்தான் வரும். நாக்கு வறண்டுட்டே இருக்கு."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கப்பல்காரன் நம் இருவரை ஏற்றிக்கொள்வான், படகை ஏற்றமாட்டான், நடுக்கடலில் அறுத்துவிட்டுப் போய்விடுவான் என்றேன். அவனுக்கு அடுத்த துறைமுகம் எந்த நாடோ யாருக்குத் தெரியும் என்றேன். கரை இருபத்தைந்து மைல், இன்னும் இரண்டு மணி நேரத்தில் கலங்கரை விளக்கம் தெரியும், காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்போம் என்றேன். எல்லாம் நியாயமான பேச்சுதான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வேறு யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"நிச்சயமா?" என்று கேட்டார்.

"கணக்கு பொய் சொல்லாது அண்ணாச்சி."

வாணத்தைத் திரும்ப உறையில் போட்டார். கப்பல் எங்களுக்கு முன்னால் குறுக்கே போய்த் தெற்கே சின்னதாகி மறைந்தது.

மார்ச் 21

கலங்கரை விளக்கம் தெரியவில்லை. விடிந்த பிறகும் கரை தெரியவில்லை. காற்றும் விழுந்துவிட்டது.

சகலை கடைசி ஊசியைப் போட்டுக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மார்ச் 22

இன்றைய காலைச் செய்தியும் ஐந்து நிமிடம் தாமதம். முள்ளைத் திருகித் தெலுங்கு நிலையம் ஒன்றைப் பிடித்தேன். அவர்களும் ஐந்து நிமிடம் தாமதம்.

இரண்டு ஊர் ரேடியோ சொல்லிவைத்தாற்போல் தாமதமாகாது.

எங்கள் வீட்டு ஹால் கடிகாரத்தை ஐந்து நிமிடம் கூட்டித்தான் வைத்திருப்போம். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், பஸ் போய்விடக்கூடாது என்று. ஏறிட்டுப் பார்த்ததும் மனசு தானாக ஐந்தைக் கழித்துக்கொள்ளும். ஜெயக்கனி அதைப் பார்த்துத்தான் கேமராவில் நேரம் வைத்திருக்கிறாள், கழிக்காமல். நான்கு நிமிடம் பிசகினால் கணக்கில் ஒரு பாகை பிசகும், ஏறக்குறைய அறுபது மைல். ஐந்து நிமிடத்துக்கு எழுபது மைலுக்கு மேல். கப்பல் போன அன்று கரை இருபத்தைந்து மைலில் இல்லை, நூறு மைலில் இருந்தது.

பதினேழாம் தேதியே ரேடியோவைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. தோன்றியிருக்கலாமோ என்று இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது? கடிகாரம் வைத்தது நான் அல்ல.

புதுக் கணக்குப் போட்டேன். இன்னும் எழுபது மைலுக்கு மேல். சகலை பாய்க்குக் கீழே நிழலில் படுத்திருந்தார். மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கியது. காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறார். என் பங்கையும் கொடுத்துவிட்டேன், இதையும் யாராவது கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

"கரை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கு அண்ணாச்சி," என்றேன். "எதிர் நீரோட்டம். பின்னால இழுத்துருக்கு."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முப்பது வருடம் கப்பலில் மாலுமிகளை வேலை வாங்கும் போசனாக இருந்தவர்.

"அன்னைக்கு முன்னால தள்ளுச்சு. இன்னைக்குப் பின்னால இழுக்குதா?"

"ஆமா."

"நல்ல நீரோட்டந்தான் சகலை," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 23

விடியற்காலையில் கொஞ்சம் காற்று எழுந்தது. தனியாகவே பாய் ஏற்றினேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது. அவர் படுத்தபடியே எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். குரல் குழறியது. அவர் மூச்சில் அழுகிய பழ வாடை.

கட்டுமரமோ விசைப்படகோ ஏதாவது கண்ணில் படுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு வாணங்களைப் பகலிலேயே விட்டேன். பார்ப்பதற்கு யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் பார்க்கட்டும் என்றுதான் விட்டேன்.

மத்தியானம், "கேமராவக் குடுங்க," என்றார்.

"எதுக்கு? பேட்டரி தீந்துரும், சாயங்காலம் சூரியனை எடுக்கணும்." அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

"பொற்கொடிக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும். நீங்க அங்கிட்டு போங்க சகலை, எனக்கு வெக்கமா இருக்கு."

வீடியோவுக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். காற்று அவர் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனது. புருஷன் பெண்டாட்டி பேச்சு, எனக்கு என்ன.

திரும்பி வந்தபோது கேமரா நெஞ்சின்மேல் கிடந்தது. அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கடிகாரம், ஜெயக்கனி, ஐந்து நிமிடம் எல்லாவற்றையும். அவர் தூங்கிப்போயிருந்தார். தூங்குகிறவரை எழுப்பிச் சொல்லக்கூடிய விஷயமா அது?

மார்ச் 24

சகலை போய்விட்டார். காலையில் உசுப்பினேன், எழுந்திருக்கவில்லை.

அறையில் கிடந்த பழைய பாய்த்துணியைக் கிழித்துப் போர்த்தினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சுக்கானைப் பிடித்தேன். மாலையில் நேரத்தில் ஐந்து நிமிடத்தைக் கழித்துக்கொண்டு சூரியனைக் கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு மைல்.

மார்ச் 25, சென்னை

இரவில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. நான் சொன்ன இடத்திலேயே தெரிந்தது.

விடியும்போது காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் பார்த்து, கட்டி இழுத்து வந்தார்கள். உடம்பை இறக்கும்போது ஒரு கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். போலீஸ் எங்கள் சாமான்களை எல்லாம் எடுத்துப்போனது, கேமராவையும்.

மார்ச் 28, தூத்துக்குடி

சகலையை எடுத்து அடக்கம் முடிந்தது. மதினி பொற்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எனக்கு ஒடம்புகூடக் கெடச்சிருக்காது தம்பி" என்று கதறினாள். ஊரே பார்த்தது. மாமனார் என்னைக் கட்டிப்பிடித்தார். இதற்கு முன்பு அவர் என்னைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

ஜெயக்கனியிடம் கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கு மாட்டிக்கொள்வாள். அவளுக்காகத்தான் சொல்லவில்லை.

மார்ச் 31

நிருபர் ஒருவர் வந்தார். மலிவுக் கேமராவை வைத்துக் கடலில் எப்படி வழி கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். படம் வரைந்து விளக்கினேன். அருமையாகப் புரிகிறது சார் என்றார்.

ஏப்ரல் 8

பதினாறாம் நாள் காரியம். மாமனார் வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சகலையின் மகள் மேகலா, போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான்களை எடுத்து வந்தாள். கேமராவின் கார்டை டிவியில் போட்டாள். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடத்தான் தோன்றியது. போனால் நன்றாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சூரியன், சூரியன், சூரியன். பிறகு சகலையின் முகம் வந்தது. உதடு வெடித்திருந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொற்கொடி, அழக்கூடாது. மேகலா கல்யாணத்தத் தள்ளிப் போடாத. ஒரு விசயம் சொல்லணும். கப்பல் ஒண்ணு பக்கத்துல போச்சு. சகலை கூப்புடலாம்னுதான் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். படக உட்டுட்டு வர மனசு வரல. அவர யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது, கேட்டியா? பாவம், அவரு ரொம்பப் பாடுபட்டாரு."

அவ்வளவுதான். மூச்சு வாங்கும் சத்தம், பிறகு வானம், பிறகு ஒன்றுமில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். இதை யாரிடம் சொன்னாலும் காறித் துப்புவார்கள், ஆனால் வந்தது அதுதான். எல்லாம் தெரிந்திருக்கிறது அந்த மனுஷனுக்கு. நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து, சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும் பழியைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறார். சாகும்போதும் மூத்த மாப்பிள்ளையாகத்தான் செத்திருக்கிறார். மிச்சமிருக்கும் காலம் முழுக்க நான் அவருக்குக் கீழேதான் உட்கார வேண்டும், அதுவும் ஒருவருக்கும் தெரியாமல்.

மதினி எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த அவர் படத்திலிருந்து மாலையை இழுத்தாள். நூல் அறுந்து பூ தரையெல்லாம் சிதறியது.

"ஒரு மரக்கட்டைக்காகவா என்னிய அறுத்துட்டுப் போனீரு? என் பேர எழுதி வச்சுட்டா ஆச்சா? பெத்த புள்ள நெனப்பு வரலியா? கப்பலு கண்ணு முன்னால போயிருக்கு, கைய அசைக்க மனசு வரலியே பாவி மனுசா!"

படத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டாள். இனிமேல் அது இந்தச் சுவரில் ஏறக்கூடாது என்றாள். மேகலா தடுக்கவில்லை. அவளும் டிவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பாவை அன்றுதான் புதிதாகத் தெரிந்துகொண்டவள் மாதிரி. மாமனார், "பேராசக்காரப் பய" என்று முணுமுணுத்தார். வருடக்கணக்காக ஆடு அறுத்துப் போட்ட மனிதர்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், எழுந்து நிற்கக்கூட வேண்டாம். ஜெயக்கனி பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மதினி என் பக்கம் திரும்பினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீங்களாவது கையக் காலப் புடிச்சு எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? நீங்க சொன்னா கேட்டிருப்பாரே. உங்க மேல அவருக்கு அவ்வளவு மதிப்பு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொன்னேன் மதினி," என்றேன். "எவ்வளவோ சொன்னேன். அண்ணாச்சி கேக்கல."